அந்த வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது?

ஈராக் அதிபர் சதாம் உசேனுக்கும் அல்கொய்தாவுக்கும் தொடர்பு இருந்ததாக வந்த தகவலை நம்பித்தான் அமெரிக்கா 2003-ல் ஈராக் மீது போருக்குப் போனது, அதில் தப்பில்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நான் கோயம்புத்தூர்க்காரன். 1998 பிப்ரவரி 14 அன்று ஆர்.எஸ்.புரத்தில் வெடிச்சத்தம் கேட்டதும், கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். குண்டு வைக்கிறவன் மேல் எனக்கு இரக்கமே கிடையாது. ஆனால் குற்றம் யாருடையது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டுமில்லையா?

அந்தத் தகவல் எப்படி வந்தது என்பதையே விட்டுவிட்டீர்கள். இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதியை அமெரிக்கா எகிப்துக்கு அனுப்பியது. அங்கே அடி தாங்காமல், ஈராக் அல்கொய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னார். இவர் பேச்சு சந்தேகத்துக்குரியது என்று அமெரிக்க ராணுவ உளவுத்துறையே 2002 பிப்ரவரியில் எழுதி வைத்திருந்தது. அப்புறமும் 2003 பிப்ரவரி 5 அன்று அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில், ஆள் பெயரைச் சொல்லாமல், அதை அப்படியே எடுத்து வைத்தார். 2004-ல் லிபி தன் வாக்குமூலத்தை மறுத்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையமும், ஈராக்கும் அல்கொய்தாவும் சேர்ந்து செயல்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றது.

அதற்குள் பாக்தாத் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தயவுசெய்து இதையும் கட்டுரையில் சேருங்கள்.