பும்ராவைத் திட்டுவதற்காகவா சிராஜ் ஜெயித்துக் கொடுத்தார்?

2025இல் இங்கிலாந்தில் நடந்த டெஸ்ட் தொடரின் கடைசி மேட்சை ஓவலில் 6 ரன்னில் ஜெயித்த சந்தோஷத்தை ஒரு ராத்திரிகூட நிம்மதியாக அனுபவிக்க விடவில்லை. எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு: பும்ரா ஆடாத இரண்டு டெஸ்டிலும்தான் ஜெயித்தோமாம், இனி அவர் எதற்காம். சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடி, 185.3 ஓவர் போட்டு, 23 விக்கெட் எடுத்ததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. அந்த உழைப்பைக் காட்டி இன்னொரு பௌலரை அவமானப்படுத்துவதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்று டெஸ்ட்தான் ஆட முடியும் என்று பும்ரா தொடருக்கு முன்பே சொல்லிவிட்டார். முதுகை நினைத்துத்தான் கேப்டன் பதவியும் வேண்டாம் என்றார். யாரையும் பாதியில் ஏமாற்றிவிட்டுப் போகவில்லை. 2023இல் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்த முதுகு அது. 2024-25இல் ஆஸ்திரேலியாவில் 150 ஓவருக்கு மேல் போட்டு 32 விக்கெட் எடுத்தார். முடிவில் என்ன ஆனது? சிட்னியில் அவர்கள் 162 ரன்னைத் துரத்தும்போது அவரால் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. அடுத்து வந்த சாம்பியன்ஸ் டிராபியிலும் அவரால் ஆட முடியவில்லை.

இரண்டாவது டெஸ்டில், எட்ஜ்பாஸ்டனில், 0-1 என்று பின்தங்கி இருந்தோமே, ஒரு வார இடைவெளி வேறு இருந்ததே, அங்கே ஏன் ஆடவில்லை என்கிறீர்கள். சரி, நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்து லார்ட்ஸில் 5 விக்கெட் எடுத்தாரே, அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? மான்செஸ்டரில் 33 ஓவர் போட்டு 112 ரன் கொடுத்தார். வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. அவர் ஆடிய மூன்றாவது டெஸ்டிலேயே அந்த நிலை. ஐந்தும் ஆடியிருந்தால்?

"ஐபிஎல் என்றால் மட்டும் வந்துவிடுவாரே" என்பதைக் கேட்டால் எனக்கு எரிகிறது. நான்கு ஓவரும் ஒரு முழு டெஸ்ட் நாளும் ஒன்றா? 2025இல் அதிலும் முதல் நான்கு மேட்ச் அவர் இல்லை.

நானும் கல்லூரி அணியில் வேகப்பந்து போட்டவன்தான். இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்று சொன்னால் ஸ்ப்ரே அடித்துவிட்டு "இன்னும் ஒரே ஒரு ஸ்பெல்டா" என்பார்கள். போட்டேன். அப்புறம் எலும்பில் விரிசல் என்று டாக்டர் பெல்ட் போட்டுப் படுக்க வைத்தபோது, அந்த ஒரு ஸ்பெல் கேட்டவர்களில் யாரும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் பந்து வீசவே இல்லை.

அமெரிக்க பேஸ்பாலில் 2012இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி பிளே-ஆஃப்புக்குப் போகிற நேரத்தில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பந்துவீச்சாளரை செப்டம்பரிலேயே உட்கார வைத்தது. முழங்கையில் ஆபரேஷன் செய்து வந்த பையன். அணி முதல் சுற்றிலேயே தோற்றது, நிர்வாகத்தை வறுத்தெடுத்தார்கள். 2019இல் அதே அணி உலகத் தொடரை ஜெயித்தபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

தேசப்பற்றைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிராஜின் முதுகைப் பற்றி உங்களில் ஒருவராவது கவலைப்பட்டீர்களா? 185 ஓவர் போட்ட உடம்பு அது. அவருக்கு உடனே ஓய்வு கொடுக்க வேண்டும். கொடுத்தால், தயவுசெய்து அவரையும் திட்ட வராதீர்கள்.