அது இரங்கிக் கொடுத்த தங்கம் இல்லை

"இத்தாலியின் தம்பேரி காயத்தால் விலகினார், கத்தாரின் பர்ஷிம் இரங்கித் தங்கத்தைப் பகிர்ந்தார்" என்று ஒரு பதிவில் போட்டிருப்பது தவறு. 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதல் இறுதியில் இருவருமே 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் இல்லாமல் தாண்டி, 2.39-இல் மூன்று முறையும் தோற்றார்கள். பெலாரஸின் நெதசெகாவும் 2.37 தாண்டியவர்தான், முந்தைய தவறுகளால் வெண்கலம்.

முதலிடம் சமமானால் வெற்றியாளரைத் தீர்மானிக்க, 2.39-இல் மீண்டும் ஆளுக்கு ஒரே வாய்ப்பு. இருவரும் தாண்டினால் கம்பி 2 செ.மீ. ஏறும், இருவரும் தட்டினால் 2 செ.மீ. இறங்கும். இந்தக் கூடுதல் தாண்டல் வேண்டாம் என்று வீரர்களே முடிவெடுத்தால் சமநிலை அப்படியே நிற்கும். பர்ஷிம் அதிகாரியிடம் கேட்டதும் இரண்டு தங்கம் கிடைக்குமா என்றுதான். அன்று மைதானத்தில் தம்பேரி காட்டிய மாவுக்கட்டு 2016 காயத்துடையது.

இரக்கக் கதைதான் வேண்டுமென்றால், 2017-இல் பாரிஸ் போட்டியில் தோற்று அறைக்குள் முடங்கிய தம்பேரியின் கதவைப் பர்ஷிம் விடாமல் தட்டியதைப் பகிருங்கள்.