வாயைக் கட்டச் சொல்வதற்கு முன்

உடல் பருமனாக இருப்பவர்களிடம் "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதை நம்மில் பலர் அக்கறை என்றே நினைக்கிறோம். பசியும் நிறைவும் எங்கே தீர்மானிக்கப்படுகின்றன என்பதைப் பற்றி இன்று தெரிந்திருப்பதை வைத்துப் பார்க்கும்போது, அந்தச் சொல் பெரும்பாலும் அநியாயமானது என்பதே என் உறுதியான கருத்து.

இன்சுலின் என்றாலே நமக்குச் சர்க்கரை நோயும் ஊசியும்தான் நினைவுக்கு வருகின்றன. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்த காலத்திலிருந்து, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் கொண்டு சேர்ப்பதே அதன் வேலை என்று படித்து வந்திருக்கிறோம். சேர்ந்த கொழுப்பு எளிதில் கரையாமல் பிடித்து வைப்பதும் அதுதான். ஆனால் மூளைக்குள் சென்றதும் இதே இன்சுலின் "போதும், நிறுத்து" என்ற செய்தியைச் சொல்கிறது. 1979இல் அமெரிக்காவில் ஸ்டீபன் வுட்ஸ், டேனியல் போர்ட் குழுவினர் பபூன் குரங்குகளின் மூளை உட்குழிகளில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தியபோது, அவை தாமாகவே குறைவாகத் தின்றன, எடையும் குறைந்தது. 2000இல் ஜென்ஸ் ப்ரூனிங் உள்ளிட்டோர் நரம்பணுக்களில் மட்டும் இன்சுலின் ஏற்பி (இன்சுலினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்) இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்குக் கொழுப்பு கூடியது. பெண் எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றன.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில் பசியைத் தூண்டும் நரம்பணுக்களும் நிறைவைத் தரும் நரம்பணுக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. சாப்பிட்டதும் கணையத்திலிருந்து வரும் இன்சுலினும், கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோனும் (இதை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் கண்டறிந்தார்கள்) பசி நரம்பணுக்களை அடக்கி, நிறைவு நரம்பணுக்களை எழுப்புகின்றன. உடல் பருத்தவர்கள் பலரின் ரத்தத்தில் இவை இரண்டும் குறைவாக இல்லை, ஏராளமாகவே இருக்கின்றன. மூளைதான் அவற்றின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. வயிறு நிறைந்த பிறகும் கை தட்டுக்குப் போகிறவரை நாக்கு ருசிக்கு அடிமையானவர் என்று ஏசுவதற்கு முன், இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தக் கேளாமை வருவதற்கு ஆண்டுக்கணக்காக ஆக வேண்டியதில்லை என்பதுதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. ஜெர்மனியின் டியூபிங்கன் நகர ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், சரியான எடையுள்ள ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்தே நாள் தங்கள் வழக்கமான சாப்பாட்டோடு சாக்லேட், சிப்ஸ் போன்றவற்றைக் கூடுதலாகத் தின்றார்கள். எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கல்லீரலில் கொழுப்பு ஏறிவிட்டது. பழைய உணவுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆன பிறகும், மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதியில் இன்சுலினுக்கான மறுவினை குறைந்தே இருந்தது. எடைக் கருவி எதையும் காட்டாத நேரத்திலேயே மூளை மாறத் தொடங்கிவிடுகிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

என் அக்காவோடு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். எடை பார்த்து இறங்கியவளிடம், சீட்டு எழுதிக்கொண்டே நிமிராமல் "சாப்பாட்டைக் குறைங்கம்மா, மனசு வெச்சா முடியும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "குறைச்சுத்தானேடா இருந்தேன், குறைச்ச பிறகுதான் பசி பேயா அலையுது" என்றாள். அவள் சொன்னது வெறும் சாக்கு இல்லை. மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடை குறைத்த ஆய்வு 2011இல் வெளியானது. எடை குறைந்ததும் லெப்டின் சரிந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது; ஓராண்டு கழித்தும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் தணியவில்லை. அந்த மருத்துவர் அவளுடைய பசியைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும் என்றே சொல்வேன். அதே டியூபிங்கன் குழுவினரின் வேறொரு ஆய்வில், உடலுழைப்பு இல்லாத பருமனானவர்கள் எட்டு வாரம் முறையாக உடற்பயிற்சி செய்தபோது, இன்சுலினுக்கான மூளையின் மறுவினை மேம்பட்டது. நடப்பதால் எத்தனை கிலோ குறைந்தது என்று மட்டும் கணக்குப் பார்த்துச் சலித்துப்போகிறவர்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாச் சுமையையும் தனிமனிதர் தலையில் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் நடத்திய ஆய்வில், 20 பேருக்குத் தொழிற்சாலையில் பெரிதும் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும், எளிய முறையில் சமைத்த உணவை இரண்டு வாரமும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவில் அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். அவர்களின் மன உறுதி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறியிருக்குமா? நம் நாட்டில் 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின்படி பெரியவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. இத்தனை கோடிப் பேரும் ஒரே தலைமுறையில் கட்டுப்பாட்டை இழந்துவிட்டார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட் உணவுகளின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை கட்டாயம். அப்படிப்பட்ட பொருள்களைப் பள்ளிகளில் விற்கக் கூடாது. குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் உருவங்களை அவற்றின் மேல் போடவும் கூடாது. இங்கேயும் அதே சட்டம் வேண்டும். பின்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இல்லாமல், ஐந்து ரூபாய் பாக்கெட்டைக் கையில் எடுக்கிற குழந்தைக்கும் கண்ணில் படும்படி அந்த எச்சரிக்கை முன்பக்கத்தில் இருக்க வேண்டும்.