பறவைக்குள் இருப்பது காந்த ஊசி அன்று

வலசைப் பறவைகள் எப்படித் திசையறிகின்றன என்பதைப் பற்றிய ஒரு கட்டுரையில், அவற்றின் உடலுக்குள் வடக்கைக் காட்டும் காந்த ஊசி போன்ற ஒன்று இருப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்பது கடினம். ஐரோப்பிய ராபின் பறவைகளைக் கொண்டு ஜெர்மன் ஆய்வாளர்களான வில்ட்ஷ்கோ இணையர் 1972-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காந்தப்புலத்தின் துருவங்களை முழுமையாக இடம் மாற்றினாலும் பறவைகள் திசை மாறுவதில்லை. ஆனால் புலக்கோடுகள் தரையோடு கொள்ளும் சாய்வை மட்டும் தலைகீழாக்கினால் அவை எதிர்த்திசையில் செல்ல முற்படுகின்றன. அதாவது, அவை அறிவது வடக்கு, தெற்கு என்பதை அன்று. துருவத்தை நோக்கியா, நிலநடுக்கோட்டை நோக்கியா என்பதைத்தான்.

இந்த உணர்வு ஒளியையும் சார்ந்தது. நீல, பச்சை ஒளியில் திசையறியும் ராபின்கள் சிவப்பு ஒளியில் தடுமாறுவதால், விழித்திரையிலுள்ள கிரிப்டோகுரோம் என்னும் ஒளியுணர் புரதமே இந்த உணர்வுக்குக் காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதினர். அதன் ஒரு வகையான கிரிப்டோகுரோம் 4 காந்தப்புலத்துக்கு வினைபுரிவது 2021-இல் ஆய்வகச் சோதனையில் காட்டப்பட்டது. உயிருள்ள பறவையின் கண்ணிலும் அதுவே நிகழ்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்றாகாது. புறா அலகில் இரும்புத் துகள்கள் கொண்ட செல்கள் காந்தப்புலத்தை உணர்கின்றன என்னும் பழைய கருத்தைச் சொல்லும் பத்தியையும் கட்டுரையாளர் திருத்துவது நலம்: அந்தச் செல்கள் நரம்புச் செல்கள் அல்ல, நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த விழுங்கு செல்கள் என்று 2012-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

மேலும், திசை தெரிவதும் இடம் தெரிவதும் ஒன்றல்ல. நெதர்லாந்தில் பிடித்துச் சுவிட்சர்லாந்தில் விடப்பட்ட ஸ்டார்லிங் என்னும் வலசைப் பறவைகளுள் முதிர்ந்தவை பாதையைத் திருத்திக்கொண்டன. இளம்பறவைகளோ பழைய திசையிலேயே பறந்து ஸ்பெயின் வரை சென்றுவிட்டன.