கிரில் வெறும் அழகுக்கு இல்லை

1969 டாட்ஜ் சார்ஜர் கார் முகத்தோடு கணினிப் பெட்டி செய்த தம்பிக்கு மனமார்ந்த வாழ்த்துகள்! "பெட்டிக்குள் காற்றோட்டத்துக்கு என்ன வழி?" என்று அவர் பதிவின் கீழ் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காரின் கறுப்பு கிரில், அதாவது முன்பக்கக் கம்பித் தடுப்பு, முகம் முழுக்க அகலமாக ஓடும், முன்விளக்குகளே அதற்குள் மறைந்திருக்கும். 120 மில்லிமீட்டர் விசிறிகளை அதன் பின்னால் ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் ஏது? அந்தக் காலத்து சில கார்களில் பானட் (எஞ்சின் மூடி) மேல் இருக்கும் ஸ்கூப் என்ற புடைத்த திறப்பு காற்றை உள்ளே இழுக்கும். பெட்டியில் அதைத் திருப்பிப் போட்டு, சூடு வெளியேற விடலாம்.

பெயிண்ட் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். நான் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் நண்பர் பட்டறையில், மழை விட்ட கையோடு சிவப்பு லாக்கர் பெயிண்ட் அடித்தேன். காய்வதற்குள் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிட்டது. நம்ம ஊர் ஈரப்பதம் அப்படி. 800 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வெயில் காய்ந்த ஒரு மதியம் மெல்லிசாக மறுபடி அடித்த பிறகுதான் அந்தப் பளபளப்பு வந்தது. தம்பி, நீங்கள் எத்தனை பூச்சு கொடுத்தீர்கள்?