ஓடியாடுற பிள்ளைக்குப் பரிசோதனை வேண்டாமா?

"பிள்ளை நல்லா சாப்பிடுது, ஓடியாடுது என்றால் பரிசோதனையே வேண்டாம், அங்கன்வாடிக்கு வரும் டாக்டர் குழு சும்மா கணக்குக்காகத்தான் பார்க்கிறது." தக்கலை, கருங்கல் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தக் குரல் பதிவு தவறு.

கண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணில் பார்வை மங்கல் என்றால் பிள்ளை சொல்லாது. அதற்குத் தெரியவே தெரியாது. மறு கண்ணால் பார்த்துக்கொண்டு விளையாடும். மூளை மங்கலான கண்ணைக் கைவிடப் பழகிவிடும். இந்தச் 'சோம்பேறிக் கண்'ணைப் பள்ளியில் சேரும் முன்பே கண்டுபிடித்தால் கண்ணாடி, கண்மறைப்பு (நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடிவைப்பது) இவற்றால் பெரும்பாலும் சரிசெய்யலாம். பத்து வயதுக்குமேல் கடினம். காது மந்தமும் இப்படித்தான், "சொன்ன பேச்சு கேக்கமாட்டான்" என்று நாம் அடிப்பதோடு முடிந்துபோகும்.

அந்தக் குழு வருவது 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை. பிறவிக் குறை, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் பார்ப்பார்கள். கட்டணம் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளையின் மேல்கையின் நடுச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடும் சத்துக்குறைவு. பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் அது தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது.

தடுப்பூசி அட்டை முழுமையாக இருப்பதும் இந்தப் பரிசோதனைக்கு மாற்றல்ல. 5 வயதில் ஒரு ஊக்கத் தவணை (பூஸ்டர் ஊசி) உண்டு, பலர் அதையே மறந்துவிடுகிறார்கள்.