அட்வான்ஸ் போனால் வராது

(உறையூரில் ஒரு வீட்டு மாடி. காலை ஒன்பது மணி. வீட்டு ஓனர் மரகதம் பான் கார்டும் ஆதாருமாகப் படியேறி வருகிறார். மாடியில் குடியிருக்கும் கார்த்தி வேலையை விட்டுவிட்டு இப்போது ‘ஃபுல் டைம் ட்ரேடர்’. மேசையில் இரண்டு திரை, கழுவாத டம்ளர் நான்கு. அதில் இரண்டு மரகதம் வீட்டு டம்ளர், அது வேறு கதை.)

மரகதம்: தம்பி, சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் பேங்கில் சும்மா கிடக்கிறது. ஷேர் மார்க்கெட்டில் நீதான் பெரிய ஆள் என்று தெருவே சொல்கிறது. எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடேன்.

கார்த்தி: டீமேட் கணக்குதானே, பத்து நிமிட வேலை அக்கா. ஆனால் ஷேரை வாங்கிவைத்து வருடக்கணக்கில் காத்துக்கிடப்பதெல்லாம் அந்தக் காலம். நான் செய்வது ஆப்ஷன்.

மரகதம்: அப்படி என்றால்?

கார்த்தி: நிஃப்டி என்றால் ஐம்பது பெரிய கம்பெனி ஷேர்களை வைத்துப் போடும் குறியீடு. அது ஏறும் என்று தோன்றினால் ‘கால்’ வாங்க வேண்டும், இறங்கும் என்றால் ‘புட்’. முழு விலை தேவையில்லை, பிரீமியம் மட்டும் கட்டினால் போதும். பிரீமியம் நூறு ரூபாய், ஒரு லாட் என்பது 65 சேர்ந்த கட்டு, ஆக 6,500 ரூபாய்.

மரகதம்: (யோசித்து) அதாவது மனைக்கு அட்வான்ஸ் போட்டு அக்ரிமென்ட் எழுதுகிற மாதிரி. கெடுவுக்குள் விலை ஏறினால் நமக்கு லாபம், ஏறாவிட்டால் அட்வான்ஸ் அம்பேல்.

கார்த்தி: அக்கா! இது புரிவதற்கு நான் பணம் கட்டி கோர்ஸ் படித்தேன்.

மரகதம்: கெடு எத்தனை மாதம்?

கார்த்தி: செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணி.

மரகதம்: எந்தச் செவ்வாய்?

கார்த்தி: எல்லாச் செவ்வாயும். முன்பு வியாழக்கிழமையாக இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து மாற்றிவிட்டார்கள்.

மரகதம்: செவ்வாய், வெள்ளியில் நான் பால்காரருக்குக்கூடப் பணம் எடுத்துக் கொடுப்பதில்லை, நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவேன். நீ வாராவாரம் நாள் பார்த்துக் கொண்டுபோய்க் கொட்டுகிறாயா? சரி, ஏறும் என்று நீ சொன்னது ஒரு தடவையாவது ஏறியதா?

கார்த்தி: போன வாரம் ஏறியதே! ஆனால் எனக்கு நஷ்டம்.

மரகதம்: ஏறியுமா?

கார்த்தி: மெதுவாக ஏறிவிட்டது அக்கா. நாளாக ஆகப் பிரீமியம் தானாகக் கரையும். அதற்குத் தீட்டா என்று பெயர்.

மரகதம்: அப்போது ஏறும் என்று சொன்னால் மட்டும் போதாது, எவ்வளவு, எத்தனை மணிக்குள் என்றும் சொல்ல வேண்டும். ஜோசியர்கூட மாதம்தான் சொல்வார்.

(மணி 9:12. கார்த்தி அவசரமாக லாகின் செய்கிறான். திரையில் ஒரு பெட்டி முளைக்கிறது.)

மரகதம்: நில், அதில் என்னவோ எழுதியிருக்கிறதே.

கார்த்தி: அது ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி போடச் சொன்னது, 2023 ஜூலையிலிருந்து எல்லா புரோக்கரும் காட்டியாக வேண்டும். படித்துவிட்டேன் என்று அழுத்தினால் போய்விடும்.

மரகதம்: படித்தாயா?

கார்த்தி: அழுத்தினேன்.

மரகதம்: இப்போது படி.

கார்த்தி: (முணுமுணுப்பாக) ஆப்ஷன், ஃப்யூச்சரில் தனிநபர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டத்துக்கு மேல் இன்னும் 28 சதவீதம் செலவாகவும் கட்டியிருக்கிறார்கள்.

மரகதம்: தோற்றதற்குக் கூலியா?

கார்த்தி: வாங்க இருபது ரூபாய், விற்க இருபது ரூபாய் புரோக்கரேஜ். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அப்புறம் எஸ்டிடி என்கிற பரிவர்த்தனை வரி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி...

மரகதம்: ஸ்டாம்ப் டியூட்டி கட்டினால் ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்திரம் என்று ஒன்றாவது கைக்கு வரும்.

கார்த்தி: இந்தக் கணக்கெல்லாம் பழசு அக்கா. 2024-இல் செபி மறுபடியும் எடுத்தது.

மரகதம்: குறைந்திருக்கிறதா?

கார்த்தி: 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மூன்று வருடத்தில் எல்லாருமாகச் சேர்ந்து விட்டது 1.8 லட்சம் கோடிக்கு மேல்.

மரகதம்: இவ்வளவும் யார் வீட்டுக்குப் போனது?

கார்த்தி: செலவு போக, பெரிய ட்ரேடிங் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும். அவர்கள் லாபத்தில் 96, 97 சதவீதம் கம்ப்யூட்டரே ஆர்டர் போட்டுச் சம்பாதித்தது.

மரகதம்: அதை எதிர்த்துத்தான் நீ பனியனோடு உட்கார்ந்திருக்கிறாயா?

கார்த்தி: பத்தில் ஒருவர் ஜெயிக்கிறாரே அக்கா, அந்த ஒருவர் நான்.

மரகதம்: மற்ற ஒன்பது பேரும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். என் பெண் ஏதோ நிஃப்டி ஃபண்டில் மாதம் இரண்டாயிரம் போடுகிறாள். அது என்ன?

கார்த்தி: இண்டெக்ஸ் ஃபண்ட். ஐம்பது கம்பெனியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போகும். தூக்கம் வரும் அக்கா, அதில் ஒரு த்ரில்லும் கிடையாது.

மரகதம்: 2020-இல் இருந்ததே! பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச்சில் 7,600-க்கு வந்துவிட்டது என்று அழுதாள், எல்லாவற்றையும் விற்கப் போனாள். அவள் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஓடிபி வரவில்லை. ஊரடங்கில் ரிப்பேர் கடையும் இல்லை. கடை திறப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது, பணம் அப்படியே இருக்கிறது.

கார்த்தி: (குரல் தாழ்ந்து) அப்படியானால் உங்கள் ஒரு லட்சத்தையும் அதிலேயே போடுங்கள் அக்கா. மொத்தமாக வேண்டாம், மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். டைரக்ட் பிளானா என்று பாருங்கள், ரெகுலரில் வருடாவருடம் ஏஜென்டுக்குக் கமிஷன் போகும். இரண்டு மூன்று வருடத்தில் எடுக்க வேண்டிய பணம் என்றால் அதுவும் வேண்டாம், எஃப்டி போதும்.

மரகதம்: இவ்வளவு தெரிந்தவனா செவ்வாய்க்குச் செவ்வாய் தோற்கிறாய்?

கார்த்தி: அடுத்தவர் பணம் என்றால் பயமாக இருக்கிறது அக்கா.

மரகதம்: உன் நஷ்டத்தை எந்தக் கணக்கில்தான் எழுதுவாய்?

கார்த்தி: (நிமிர்ந்து உட்கார்ந்து) அது வீணாகாது. கெடு தேதிக்குள் ஐடிஆர் 3 என்கிற வருமான வரி ரிட்டர்ன் போட்டுவிட்டால் எட்டு வருடம் வரை, பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிச் சட்டப்படி நான் செய்வது முறையான வியாபாரம். ரிட்டர்னில் இந்த வீட்டு விலாசம்தான் கொடுத்திருக்கிறேன்.

மரகதம்: வியாபாரமா? வீட்டு கனெக்ஷன் கரண்டில், என் மாடியில்? ஈபிக்காரர் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? அடுத்த மாதத்திலிருந்து கடை வாடகை கொடுத்துவிடு தம்பி. பத்து மாத அட்வான்ஸ்.

கார்த்தி: அட்வான்ஸா!

மரகதம்: பயப்படாதே, இது செவ்வாய்க்கிழமை கரையாது. காலி பண்ணும்போது வெள்ளையடிக்கிற செலவு மட்டும்தான் கழிப்பேன்.